குரு லந்த்ரா சரியாகச் சொன்ன காசு

தெகல்வாங்கி ஊரில் யாருடைய மண்வெட்டியிலாவது ஓட்டைக்காசு ஒன்று மாட்டிக்கொண்டால், அவர் கை கழுவுவதற்கு முன்பே குரு லந்த்ரா வீட்டு வாசலில் போய் நிற்பார். அந்த மண்ணில் நெல்லுக்கு அடுத்தபடியாக விளைவது ஓட்டைக்காசுதான். சீனத்திலிருந்து கப்பல் கப்பலாக வந்து, எத்தனையோ ராஜாக்கள் காலத்தில் கை மாறி, வயலிலும் வாய்க்காலிலும் விழுந்து புதைந்தவை. கிடைத்த காசு எந்தக் காலத்தது, அதற்குள் ஏதாவது சக்தி உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? அந்த வேலையைக் குரு லந்த்ரா எடுத்துக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகத்தான் எடுத்துக்கொண்டார்.

முப்பது வருஷம் ஆரம்பப் பள்ளியில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தவர். ஓய்வு பெற்ற மறுநாளே காசு நிபுணர் ஆகிவிட்டார். பதினைந்து வருஷமாக அதே பதவி. கையில் ஒரு பூதக்கண்ணாடி. மேஜையில் தென்பசார் நகரத்திலிருந்து வாங்கிவந்த தடித்த சீனப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் காசுப் படம். அதில் ஓர் எழுத்துகூட அவருக்குத் தெரியாது. சில நாள் புத்தகத்தைத் தலைகீழாக வைத்தே புரட்டியிருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க ஊரில் ஆளில்லை. எழுத்துகளும் வாய் திறந்து புகார் சொல்லவில்லை.

அவரிடம் இரண்டு சூத்திரங்கள் இருந்தன. முதலாவது: "மண்ணில் கிடந்தது பச்சை பூக்கும், பளபளப்பது கடைத்தெரு." இதை அவர் வகுப்பு எடுப்பதுபோல் ஒவ்வொருவருக்கும் சொல்லி, கேட்டவரைத் திருப்பிச் சொல்லவும் வைப்பார். ஊரில் பால்குடி மறந்த எல்லோருக்கும் அது மனப்பாடம். இரண்டாவது தலைமுடிச் சோதனை. காசைச் சுற்றி ஒரு தலைமுடியை இறுகக் கட்டி, தீக்குச்சியைக் கொளுத்திக் காட்டுவார். முடி கருகாவிட்டால் காசில் சக்தி இருக்கிறது. முடி ஒருநாளும் கருகியதில்லை. ஒருமுறை கொத்தனார் பான் தங்கஸ் தன் மோட்டார் சைக்கிளிலிருந்து கழற்றிய வாஷரைச் சேற்றில் புரட்டிக் கொண்டுவந்து நீட்டினான். முடி கருகவில்லை. "மஜாபாஹித் ராஜாக்கள் காலத்து இரும்பு" என்று குரு தீர்ப்புச் சொன்னார். பான் தங்கஸ் அந்த வாஷரை மறுபடி வண்டியில் மாட்டிக்கொண்டு, அன்றிலிருந்து தன் வண்டி ராஜபரம்பரை என்று சொல்லித் திரிகிறான்.

இவ்வளவு கீர்த்தி போதாதென்று குருவுக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. ஊர்ப் பெரியதனம். பெந்தேசா என்று எல்லோரும் கும்பிட்டுக் கூப்பிட, கோயில் விழாவில் முன்வரிசையில் மஞ்சள் குடை நிழலில் உட்கார வேண்டும். இரண்டு முறை தேர்தலில் நின்றார். முதல் முறை இரண்டு ஓட்டு விழுந்தது. ஒன்று அவருடையது, இன்னொன்று பான் சத்ரியுடையது. பான் சத்ரி சேவற்சண்டையும் கள்ளும் தவிர வேறு தொழில் தெரியாத மனிதன். ஆனால் சின்ன வயதில் குருவிடம் ஏழாம் வாய்ப்பாடு கற்றுக்கொண்ட நன்றியை மறக்காதவன். இரண்டாம் முறை தேர்தல் வருவதற்குள் அவன் செத்துப்போனான். ஓட்டு ஒன்றாகக் குறைந்தது. மூன்றாம் தேர்தல் வரும் பௌர்ணமியன்று. எதிராளி அரிசி மில் வைத்திருக்கும் பான் ருமி. ஏழே நாள் இருந்தது. இந்தத் தடவையும் தோற்றால் வீதியில் தலைகாட்ட முடியாது என்று குரு ராப்பகலாய் மருகிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் பான் சத்ரியின் விதவை மென் சத்ரி வந்து வாசலில் நின்றாள். கையில் அரிவாள், தலையில் பன்றிக்கு அறுத்த கீரைக்கட்டு.

"குரு, இருக்கீங்களா?"

"இல்லாம எங்க போவேன்? வா. என்ன, பன்னிக்கு உடம்பு சரியில்லையா? நான் காசுக்குத்தாம்மா வைத்தியன்."

"பன்னிக்கு என்ன கேடு, உங்களைவிட நல்லாச் சாப்பிடுது. இது ஒண்ணு கிடைச்சுது. நாற்சந்திக்குக் கீழ, வாய்க்கால் ஓரத்துல."

வாழையிலைத் துண்டைப் பிரித்தாள். பச்சை பூத்த ஓட்டைக்காசு. குரு பூதக்கண்ணாடியை எடுத்தார். பச்சைக்குள்ளிருந்து ஒரு வில் எட்டிப்பார்த்தது. வில்லைப் பிடித்த கை. மெல்லிய இடுப்பு. மேலே சுருண்ட கொண்டை. அர்ஜுனன் காசு! பீமன் காசு வைத்திருப்பவனை வெட்டினாலும் வெட்டு விழாது என்பார்கள், கிருஷ்ணன் காசு வைத்திருப்பவனை வாதத்தில் ஜெயிக்க முடியாது என்பார்கள். அர்ஜுனன் காசை மடியில் கட்டியவனிடமோ பார்த்த பேரெல்லாம் சர்க்கரையை மொய்க்கும் எறும்பாய் வந்து சேர்வார்கள். பொதுவாகப் பெண்களுக்காகத்தான் அதைத் தேடி அலைவார்கள். அறுபத்தெட்டு வயதில் குருவுக்கு வேண்டியது பெண்கள் அல்ல. ஊரில் எண்பத்தாறு வீடு, வீட்டுக்கு ஓர் ஓட்டு, அதில் பாதிக்கு மேல் ஒன்று.

"பழசா, புதுசா, அது மட்டும் சொல்லுங்க குரு," என்றாள் மென் சத்ரி. "என்ன பெறும்னு நான் கேக்க வரல."

"ஏன், அதுல என்ன அப்படி?"

"பழசுன்னா யாரோ எந்தக் காலத்துலயோ தொலைச்சது, நான் வச்சுக்கலாம். புதுசுன்னா அது எங்க வீட்டுக்காரர் பாடைத்தேர் போனப்ப மஞ்சள் அரிசியோட எறிஞ்ச காசு. அந்த நாற்சந்தியிலதானே தேரை மூணு சுத்து சுத்தினாங்க. மத்த ஊர்ல எறிஞ்சதை அடிச்சுப்பிடிச்சுப் பொறுக்குவாங்களாம். நம்ம ஊர்ல தொடமாட்டோமே. அது அவங்க போற வழியில காவக்காரனுக்குக் குடுக்கற கூலி. அதைப் போயி நான் எடுத்துத் தொலைச்சிருந்தா, அந்த மனுசன் பாதி வழியில கையை விரிச்சுக்கிட்டு நிப்பாரு. மூணு வருசமாச்சு குரு. இனிமேலாவது நிம்மதியாப் போய்ச் சேரட்டும்."

சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. குரு அதைக் கவனிக்கவில்லை. அவர் மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பழசு என்று உண்மையைச் சொன்னால் இவள் காசை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விடுவாள். நாளைக்கே க்லுங்குங் சந்தையில் எவனோ ஒருவன் மடிக்கு அர்ஜுனன் போய்விடுவான்.

காசை மேஜைமேல் அலட்சியமாகப் போட்டார். "புதுசு. கடைத்தெருச் சரக்கு. மெஷின்ல தட்டினது."

"பச்சை பூத்திருக்கே குரு? மண்ணில் கிடந்தது பச்சை பூக்கும்னு நீங்கதானே..."

"மூணு வருசம் வாய்க்கால் ஓரம் கிடந்தா உன் அரிவாள்கூடப் பூக்கும். நான் சொல்றேன், புதுசு."

மென் சத்ரியின் முகம் வெளுத்தது. "அப்ப அவரோடதுதான்," என்று காசை எடுக்கக் கை நீட்டினாள். "நான் ஜெரோ மங்குகிட்டப் போறேன். என்ன பரிகாரம்னு கேட்டுச் செஞ்சிடறேன்."

கோயில் பூசாரி ஜெரோ மங்கு பொல்லாத கண்காரர். காசைப் பார்த்தால் அது அர்ஜுனன் என்று சொல்லிவிட மாட்டாரா? குரு சட்டென்று காசின்மேல் உள்ளங்கையை வைத்து மூடினார்.

"ஜெரோவை எதுக்குத் தொந்தரவு பண்றே? எங்கிட்ட விட்டுட்டுப் போ. நான் பாத்துக்கறேன்."

மென் சத்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்க வாயால கேக்கறீங்களா குரு?"

"கேக்கறேன்."

"இதை வாங்கினா அவரையும் சேத்துத்தான் வாங்கிக்கறீங்க. தெரிஞ்சுதானே கேக்கறீங்க?"

"தெரியாதா எனக்கு? நேத்துப் பொறந்தவனா நான்? குடுத்துட்டுப் போம்மா."

அவள் இரண்டு கையாலும் காசை எடுத்து அவர் கையில் வைத்தாள். வாசல் குழாயில் கால் கழுவினாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். செத்தவன் கூலியைக் கையால் தொடுவதா என்று குருவுக்குத் துளிக்கூடக் கூசவில்லை. ஏன் கூசவேண்டும்? காசு பழசு என்பது அவருக்குத்தானே தெரியும்! அவளை ஏமாற்றினோம் என்பதும் உறுத்தவில்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

காசை வெள்ளைத் துணியில் சுற்றி, மூவர்ணக் கயிறு கட்டி, சந்தன எண்ணெய் தடவி மடியில் செருகிக்கொண்டார். ஒரு நாள் பொறுத்தார். அர்ஜுனன் முகத்தைப் பச்சை மறைத்துக்கொண்டிருக்கிறதே என்று மனம் அடித்துக்கொண்டது. எலுமிச்சம்பழமும் சாம்பலும் எடுத்துக்கொண்டு கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து தேய்த்தார். தேய்க்கத் தேய்க்க வில்லின் நாண், கொண்டைப் பூ, காது வளையம் எல்லாம் ஒரு மழுக்கல் இல்லாமல் வெளியே வந்தன. அந்தக் காலத்துக் கைவேலை என்று உருகிப்போனார்.

மனைவி ரத்னி தோள்மேல் எட்டிப் பார்த்தாள். "நம்ம உரக்கடைக் காலண்டர்ல இதே மூஞ்சிதானே இருக்கு?"

"உனக்கு என்னடி தெரியும்? காலண்டர்க்காரன் இதைப் பாத்துத்தான் வரைஞ்சிருப்பான்."

"சரி, நீங்களாச்சு. ஊர்ல என்ன பேசிக்கறாங்கன்னா..."

"பேசத்தான் செய்வாங்க. பொறாமை."

"முழுசாக் கேளுங்களேன். அந்த மென் சத்ரி கோயில் அடுக்களையில..."

"பொம்பளைங்க அடுக்களைப் பேச்சை எங்கிட்டக் கொண்டுவராதே." ரத்னி வாயை மூடிக்கொண்டாள். அன்றிலிருந்து அடுக்களையிலேயே பாய் போட்டுப் படுத்தாள். அர்ஜுனன் மடியில் இருக்கும்போது மனைவி வெட்கப்படுகிறாள் என்று குரு நினைத்துக்கொண்டார்.

காசின் மகிமை மறுநாளிலிருந்தே தெரிய ஆரம்பித்தது. காப்பிக்கடைக்குப் போனார். பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்திருந்த நாலு பேர் அவரைக் கண்டதும் குடித்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள். பெஞ்சு முழுதும் அவருக்கே! வயல் வரப்பில் எதிரே வந்தவர்கள் சேற்றில் இறங்கி வழிவிட்டார்கள். பதினைந்து வருஷமாக இவர்தான் இறங்கி வழிவிட்டவர். கோயில் அடுக்களைப் பக்கம் போனபோது பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு, அவருடைய இடது தோளுக்குக் கொஞ்சம் மேலே பார்த்தார்கள். ஒருத்தி லவார் கறிச்சட்டியை மூடி வைத்தாள். வசீகரம் என்றால் இதுதான் என்று குரு நெஞ்சை நிமிர்த்தினார். பான் தங்கஸின் நாய்கூட வழக்கம்போல் குரைக்காமல், அதே தோளைப் பார்த்து முனகிவிட்டு வாலைச் சுருட்டிக்கொண்டு போனது.

பான் தங்கஸ் மட்டும் தூர நின்று கேட்டான். "குரு, துணைக்கு ஆள் இருக்கறதால இப்பல்லாம் தனியாப் பேசிக்கிட்டே நடக்கறீங்க போல?"

"தேர்தல் பேச்சைப் பழகிப் பாக்கறேன்டா."

"பழகுங்க, பழகுங்க. கேக்க ஒருத்தராவது வேணும்ல."

பௌர்ணமி காலையில் ஊர்க்கூடத்தில் எல்லா வீட்டிலிருந்தும் ஆள் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மென் சத்ரியும் தன் வீட்டுக்காக வந்து தூணோரம் உட்கார்ந்திருந்தாள். குரு தலைக்கட்டும் வெள்ளைச் சட்டையுமாக நடுவில் போய் அமர்ந்தார். அவரைச் சுற்றி நாலு முழத்துக்கு ஒருவரும் உட்காரவில்லை. தலைவனுக்கு விட்ட இடம் என்று அவர் எடுத்துக்கொண்டார். முன்னால் இரண்டு ஓலைக்கூடைகள், ஒன்று அவருக்கு, ஒன்று பான் ருமிக்கு. ஆளுக்கொரு மூங்கில் சிம்பு கொடுத்தார்கள்.

ஜெரோ மங்கு கையை உயர்த்தினார். "கூடையில போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். குரு லந்த்ரா, மென் சத்ரி உங்ககிட்ட ஒரு காசு குடுத்தாளாமே. உங்க வாயால கேட்டு வாங்கினீங்களாம்."

குருவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலி பெஞ்சு, வழிவிட்ட வரப்பு, மூடிய கறிச்சட்டி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் வந்து நின்றன. இந்த ஏழு நாளும் ஊர் ஒதுங்கியது அர்ஜுனனுக்காக இல்லை, பான் சத்ரிக்காக. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? அவருக்கு மடியில் காசு கொதித்தது.

"நீங்க பரிகாரத்துக்கு வருவீங்கன்னு ஏழு நாளாப் பாத்தேன்," என்றார் ஜெரோ. "காசு எங்க?"

இங்கேதான் குரு மாட்டிக்கொண்டார். இருக்கிறது என்றால் ஏன் வைத்திருக்கிறாய் என்பார்கள். பழசு, அதனால் வைத்திருக்கிறேன் என்றால் விதவையிடம் பொய் சொல்லிப் பிடுங்கியவன் ஆவார். பிறகு பெந்தேசாவாவது, மஞ்சள் குடையாவது! வாயில் வந்தது இதுதான்:

"அந்தக் குப்பையா? அன்னைக்கே என் வீட்டுக்குப் பின்னாடி வாய்க்கால்ல வீசிட்டேனே."

கூட்டம் முணுமுணுத்தது. ஜெரோ கண்ணை மூடித் திறந்தார். "வாங்கினவர்தான் திருப்பிக் குடுக்கணும். கேட்டு வாங்கிட்டு ஓடற தண்ணியில வீசினா, போனவன் ஊருக்குள்ளயே சுத்துவான். அவன் இங்க நிக்கறவரைக்கும் தலைவர் தேர்வு கிடையாது. எழுந்திருங்க. எல்லாரும் வாய்க்காலுக்குப் போவோம். குரு இறங்கித் தேடட்டும்."

"நாங்களும் இறங்கறோம் ஜெரோ," என்றார் பான் ருமி, நல்லவர்போல.

"வேண்டாம். வீசின கைதான் எடுக்கணும்."

ஊரே கரையில் வரிசையாக உட்கார்ந்தது. யாரோ வேகவைத்த கடலை கொண்டுவந்தார்கள். பெண்கள் குடை விரித்தார்கள். வெள்ளைச் சட்டையோடு குரு முழங்கால் சேற்றில் இறங்கினார். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். மடியில் காசை வைத்துக்கொண்டு சேற்றைத் துழாவியவரை அன்றைக்குத் தெகல்வாங்கி நேரிலேயே பார்த்தது.

இறங்கியதுமே எடுத்தால் சந்தேகப்படுவார்கள் என்று குரு கணக்குப் போட்டார். அரைமணி நேரம் உண்மையாகவே தேடினார். கல்லைப் புரட்டினார். பாசியைப் பிடுங்கினார். நத்தை கிடைத்தது, செருப்பு கிடைத்தது, உடைந்த தட்டு கிடைத்தது.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் குரு," என்று கரையிலிருந்து பான் தங்கஸ் வழிகாட்டினான். "காசு ஓடிப்போயிருக்கும். ஏழாம் வாய்ப்பாடு சொன்னா திரும்பி வருமா பாருங்க."

"சும்மா இருடா, எரிச்சலைக் கிளப்பாதே."

"எனக்கென்ன குரு, தோள்ல இருக்கறவருக்கும் கால் கடுக்குமேன்னு சொன்னேன்."

கடலை தீர்ந்தபோது குரு நேரம் வந்துவிட்டது என்று முடிவு செய்தார். குனிந்து, முதுகைக் கரைப்பக்கம் காட்டி, மடியிலிருந்து காசை உருவினார். நல்ல கெட்டிச் சேற்றில் இரண்டு புரட்டுப் புரட்டினார். கையை உயரத் தூக்கினார்.

"கிடைச்சுது! இதோ!"

கரையில் ஆரவாரம் எழுந்தது. ஜெரோ மங்கு, "மென் சத்ரி, நீ குடுத்தது அதுதானா, பார்த்துச் சொல்லு," என்றார். அவள் இறங்கி வந்து காசை வாங்கினாள். ஓடும் தண்ணீரில் இரண்டு தரம் அலசினாள். சேறு போனது. காசு வெயிலில் பளீரென்று மின்னியது. கரையின் கோடியில் இருந்தவருக்கும் கண் கூசியது.

பிறகு பான் தங்கஸ், வகுப்பில் எழுந்து நிற்கும் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு எழுந்து, "மண்ணில் கிடந்தது..." என்று இழுத்தான்.

"பச்சை பூக்கும்!" என்றது ஊர்.

"பளபளப்பது?"

"கடைத்தெரு!"

பதினைந்து வருஷமாகக் குரு கற்பித்த பாடம் வீண்போகவில்லை. ஒரு குரல் பிசகவில்லை.

"ஓடற தண்ணி... ஏழு நாளா... கல்லுல தேச்சிருக்கும்," என்றார் குரு.

மென் சத்ரி காசை மூக்கருகே கொண்டுபோனாள். "தண்ணி சந்தன எண்ணெயும் பூசிவிடுமா குரு?" அவருடைய மடியிலிருந்து வெள்ளைத் துணியின் நுனியும் மூவர்ணக் கயிறும் வெளியே தொங்கிக்கொண்டிருந்தன. ரத்னி குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

மென் சத்ரி காசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போது படம் துல்லியமாகத் தெரிந்தது. "அவரோடதுதான் ஜெரோ. அன்னைக்கு க்லுங்குங் சந்தையில சாதாக் காசு தீந்துபோச்சு. ரெண்டு பன்னி வித்த காசைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். அர்ஜுனன் படம் போட்டது மட்டும் ஒரு மூட்டை இருக்கு, புது மெஷின்ல தட்டினது, மலிவுன்னு கடைக்காரர் குடுத்தாரு. இந்த ஊர்ல படம் போட்ட காசை எறிஞ்சது நான் ஒருத்திதான். பச்சை பூத்திருந்ததால அன்னைக்கு அடையாளம் தெரியல. குரு சொன்னது சரிதான், புதுசுதான்."

பழசு என்று நம்பி, பொய்யாகப் புதுசு என்று சொல்லி, அந்தப் பொய் உண்மையாகப் போய்விட்டதே! குரு வாய் பிளந்து நின்றார். வாய்க்கால் தண்ணீர் அவருடைய முழங்காலைச் சுற்றிக்கொண்டு போனது.

"அட, பதினஞ்சு வருசத்துல ஒரு காசாவது சரியாச் சொல்லிட்டீங்க குரு," என்றான் பான் தங்கஸ்.

மென் சத்ரி சிரிக்கவில்லை. "ஒண்ணே ஒண்ணு கேக்கணும் குரு. அத்தனை பச்சை பூத்திருந்துச்சு. படமும் தெரியல. புதுசுன்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

ஊர் முழுதும் பதிலுக்குக் காத்திருந்தது. பொய் சொன்னேன் என்று ஒப்புக்கொள்வதா, காசு பார்க்கத் தெரியாது என்று ஒப்புக்கொள்வதா?

"அனுபவம்," என்றார் குரு.

கரையில் எழுந்த சிரிப்பில் நாரைகள் பறந்துபோயின. ஜெரோ மங்குகூடத் தலைக்கட்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்றைக்கும் தெகல்வாங்கியில் யாராவது திருட்டு முழி முழித்தால் "என்ன, அனுபவமா?" என்றுதான் கேட்பார்கள்.

பரிகாரம் எளிதாகத்தான் முடிந்தது. சேறு சொட்டச் சொட்டக் குரு நாற்சந்திவரை நடந்து, பாடைத்தேர் சுற்றியதுபோல் தாமும் மூன்று சுற்றுச் சுற்றி, மஞ்சள் அரிசியோடு காசை எறிந்தார். "போய்ட்டு வாடா பான் சத்ரி" என்று ஜெரோ சொல்லச் சொன்னார். "வா வேண்டாம் ஜெரோ, போன்னு மட்டும் சொல்லச் சொல்லுங்க" என்று பான் தங்கஸ் திருத்தினான். மென் சத்ரி மட்டும் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று வருஷத்துக்கு முன்பு அழாத அழுகையை அப்போது அழுதாள்.

பிறகு ஊர்க்கூடத்துக்குத் திரும்பி ஓட்டுப் போட்டார்கள். கூடைகளைத் துணித் திரைக்குப் பின்னால் நகர்த்தி வைத்து, ஒவ்வொருவராகப் போய் மூங்கில் சிம்பைப் போட்டுவிட்டு வந்தார்கள். குரு போனதும் தெரியாமல் வந்ததும் தெரியாமல் நடந்தார். கொட்டி எண்ணியபோது பான் ருமிக்கு எண்பத்து நாலு, குரு லந்த்ராவுக்கு ஒன்று.

"சொந்த ஓட்டுக்குக் குறைச்சல் இல்ல," என்று யாரோ சொன்னார்கள்.

குருவின் கையில் ஏதோ குத்தியது. முஷ்டியைப் பிரித்துப் பார்த்தார். அவருடைய சிம்பு உள்ளங்கையிலேயே இருந்தது. திரைக்குப் பின்னால் போனவர் போட மறந்து வந்திருக்கிறார். அப்படியானால் கூடையில் கிடக்கும் அந்த ஒன்று? முதல் தேர்தலில் தனக்கு விழுந்த அந்த இரண்டாவது ஓட்டு ஞாபகத்துக்கு வந்தது. இடது தோளைத் திரும்பிப் பார்க்கப் பயந்து, கழுத்து விறைக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. மென் சத்ரி எழுந்து புடவையை உதறிக்கொண்டு அவர் பக்கமாக வந்தாள். அன்று கூடத்தில் அந்த நாலு முழத்தைத் தாண்டி அவர் அருகில் வந்த முதல் ஆள் அவள்தான்.

"பயப்படாதீங்க குரு," என்றாள் மெதுவாக. "அது நான் போட்டது. அவரு இருந்தா உங்களுக்குத்தான் போட்டிருப்பாரு. பாவம், அவருக்கும் காசு பாக்கத் தெரியாது, ஆளும் பாக்கத் தெரியாது."

தூணோரம் வைத்திருந்த அரிவாளை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, பன்றிக்குக் கீரை அறுக்கப் போனாள்.